சேர்த்து வைப்பதற்கு முன்

(ராயபுரத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் எத்தனை அறுவைச் சிகிச்சை நடந்தது, எத்தனை பிரசவம் பார்த்தோம் என்று மருத்துவர்கள் உங்களுக்குக் கணக்குக் கொடுப்பது வழக்கம். என்னிடமும் ஒரு கணக்குக் கேட்பீர்கள். குடும்ப ஆலோசனை ஊழியத்தில், கவுன்சலிங் என்று நாம் சொல்லுகிற அந்த வேலையில், இந்த ஆண்டு எத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தீர்கள் என்பதே அந்தக் கேள்வி. அந்த எண்ணிக்கையை நான் இன்று கொடுக்கப் போவதில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் இந்த ஊழியத்திற்குப் புதியவனாக இருந்தபோது, மணிக்கட்டு முறிந்து ஒரு சகோதரி பெண்கள் வார்டில் சேர்ந்தார். குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். வார்டு சிஸ்டருக்குச் சந்தேகம். "ஐயா, நீங்கள் கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்றார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவருடைய கணவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நல்ல தருணம் என்று எண்ணி, இருவரையும் ஒரே கட்டிலில் உட்கார வைத்து, "வீட்டில் என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார். கணவரோ மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் குடும்ப சமாதானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னேன். "நீயும் கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்றேன். கட்டுப் போடாத அவருடைய கையை எடுத்துக் கணவரின் கையில் வைத்து ஜெபித்தேன்.

அந்த மாத அறிக்கையில் "ஒரு குடும்பம் ஒப்புரவாக்கப்பட்டது" என்று எழுதினேன். இதுபோன்ற ஒரு கூடுகையில் அது வாசிக்கப்பட்டது. அங்கே இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். இம்முறை தாடை. நான் வார்டுக்குள் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு வார்டு ஆயாம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு எங்கிட்ட எல்லாம் சொல்லிச்சு. ஆனா அந்த ஐயாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவரு மறுபடியும் கையைப் பிடிச்சுக் குடுத்துடுவாருன்னு அழுவுது."

பிரியமானவர்களே, இறையியல் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பட்டத்தைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அந்தச் சகோதரி எண்ணூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் செய்த பிழைகள் என்ன? முதலாவது, அடித்தவரை அருகில் வைத்துக்கொண்டு அடிபட்டவரிடம் கேள்வி கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னால் அதற்குரிய விலையை அன்று இரவே வீட்டில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாவது, கேட்பதற்கு முன்பே பேசினேன். யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது நல்ல ஊழியம். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே அது கெட்டுப்போயிற்று. எனக்கு ஏழு நிமிடம்கூடப் பொறுமை இருக்கவில்லை.

மூன்றாவது பிழைதான் பெரியது. சண்டைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தேன்.

எல்லாக் குடும்பங்களிலும் சண்டை உண்டு. போதகர் வீட்டிலும் உண்டு. சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். சண்டை என்றால் இரண்டு பேருக்கும் குரல் இருக்கும். பயம் இருக்கும் வீட்டில் ஒருவருக்குத்தான் குரல். அதனால் இப்போது நாங்கள் கணவனையும் மனைவியையும் முதலில் தனித்தனியேதான் பார்க்கிறோம். ஒரு கேள்வியை மறக்காமல் கேட்கிறோம்: "சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வருகிற சத்தம் கேட்டால் உங்கள் மனசு எப்படி இருக்கும்?" இந்தக் கேள்விக்கு வருகிற பதில்தான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது.

சண்டையாக இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குத் தொழில் செய்கிற ஒருவர், நெஞ்சு எரிகிறது, தூக்கம் இல்லை என்று நம் ஓ.பி.க்கு வந்தார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் கோளாறு இல்லை. மே மாதம் அது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அரசு நிவாரணத் தொகை கொடுத்தாலும், வாரக்கணக்கில் கடலில் இருந்து பழகிய மனிதர் இரண்டு மாதம் பத்துக்குப் பத்து வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மனைவி மட்டும் சிறு பைபர் படகுகளில் வருகிற மீனை எடுத்துக் கூடையில் வைத்து விற்று வீட்டை நடத்துவார்.

நாங்கள் மனைவியைத் தனியே அழைத்து அந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "அவரு வந்தா சோறு போடணுமேன்னு சலிப்பா இருக்கும். பயம் எதுக்கு ஐயா?" என்றார். அதன்பின் தைரியமாக இருவரையும் சேர்த்து உட்கார வைத்தோம். மூன்று முறை வந்தார்கள். முதல் இரண்டு முறையும் மாமியார், மச்சான், வட்டிக்காரர் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. மூன்றாம் முறை அவர் சொன்னார்: "டீ குடிக்கக்கூட தினமும் காலையில இவகிட்ட கை நீட்ட வேண்டியிருக்கு. பிள்ளைங்க முன்னாடி எண்ணி எண்ணிக் குடுக்கறா." அம்மாவுக்கு அதைக் கேட்டு ஆச்சரியம். "எண்ணாம குடுத்தா மறுநாள் ஏலத்துல மீன் எடுக்க என்ன செய்ய?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

தீர்வை நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்மாவே சொன்னார். அலமாரியில் ஒரு டப்பா. வாரச் செலவுக்குரிய பணம் அதில் இருக்கும். அவரே எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். அதோடு, அவரும் விடியற்காலையில் கூடை தூக்க வருவார். இவ்வளவுதான். எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் நெஞ்செரிச்சல் என்று அவர் திரும்ப வரவில்லை.

நம் மொழியில் "கை நீட்டுதல்" என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று யாசிப்பது, மற்றொன்று அடிப்பது. அந்தக் காசிமேட்டுச் சகோதரர் முதல் பொருளில் கை நீட்டி வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தை அவர் பேசித் தீர்த்துக்கொண்டார். அதே வெட்கத்தைப் பேசத் தெரியாமல் இரண்டாம் பொருளில் கை நீட்டுகிறவர்கள் பலர். காரணம் புரிகிறது என்பதற்காக அடித்தது நியாயமாகிவிடாது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் நடக்கும் ஆலோசனைக்கான விதிகளில், வன்முறை செய்ததாகச் சொல்லப்படுகிறவர் தன் செயலுக்கு எதிர் நியாயம் பேச அனுமதிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "நீ என்னம்மா செய்தாய், அவர் ஏன் கோபப்பட்டார்?" என்று எத்தனை முறை நான் கேட்டிருக்கிறேன்!

இது நம் சபைகளில் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரால் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். இது நாட்டின் சராசரியைவிட அதிகம். ஞாயிறு காலை நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வேதத்தையே காட்டி நம்மிடம் வாதாடுகிறவர்களும் உண்டு. மல்கியா 2:16-ஐ எடுத்துத் தள்ளிவிடுதலைத் தேவன் வெறுக்கிறார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே வசனம் கொடுமை செய்கிறவனையும் சேர்த்தே கண்டிக்கிறது. அந்தப் பாதியை நாம் வாசிப்பதில்லை. எபேசியர் 5-இல் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற 22-ஆம் வசனத்தைத் திருமண ஆராதனைகளில் வாசிக்கிறோம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனத்திலிருந்து தொடங்கினால் என்ன?

கிறிஸ்தவப் பெண்களுக்குச் சட்டமும் வெகு காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி விபசாரம் செய்தாள் என்பது மட்டுமே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ அது போதாது. அதோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்க வேண்டும். 2001-இல்தான் அது திருத்தப்பட்டு இருவருக்கும் சமமாயிற்று. நான் விவாகரத்துக்காக வாதாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2005 சட்டத்தின்படி, விவாகரத்துக் கேட்காமலேயே ஒரு பெண் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வாழ்கிற வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. "கேஸ் என்று போனால் குடும்பம் போச்சு" என்று பயப்படுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதும் இப்போது எங்கள் வேலை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. தேவைப்படும்போது இவற்றுக்கு வழிகாட்டுவதை விசுவாசக் குறைவு என்று நான் இப்போது எண்ணுவதில்லை.

"இதெல்லாம் இருக்கும்போது மருத்துவமனையில் எதற்கு ஆலோசனை?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. காவல் நிலையத்துக்குள் ஒரு பெண் நுழைந்தால் தெருவே பேசும். மருத்துவமனைக்கு அவர் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வரலாம். மாமியாரே கூட்டிக்கொண்டு வருவார். சீட்டு வாங்கி வரிசையில் உட்காரலாம். சிஸ்டர் பெயரைக் கூப்பிட்டு, "உள்ளே ஒரு பரிசோதனை இருக்கிறது, கூட வந்தவங்க வெளியே இருங்க" என்பார். அந்தப் பத்து நிமிடம்தான் பல பெண்களுக்குக் கிடைக்கிற ஒரே தனிமை.

லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், வாழ்க்கையை முடித்துக்கொள்ள எண்ணுகிறவர்களோடு பேசுவதற்காக 1953-இல் தம் ஆலயத்தில் ஓர் ஊழியம் தொடங்கினார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குச் சபையின் தன்னார்வலர்கள் காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சே போதுமானதாகி, பலருக்கு அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று. அதைக் கண்டு, கேட்கிற வேலையை அவர் அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. நம் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும், கேட்பதற்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே தற்கொலைத் தடுப்பு வேலையைச் செய்கிறது. நம் நாட்டில் தற்கொலைகளுக்குப் பதிவாகும் காரணங்களில் குடும்பப் பிரச்சினையே முதலிடத்தில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரு பெண்ணையோ ஆணையோ உட்கார வைத்துக் கேட்பது நேரம் போக்குகிற காரியம் அல்ல.

ஆம், ஆணையும்தான். மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை செய்து, ஒரு வாரமாகப் பிள்ளையின் முகத்தை விழித்த நிலையில் பார்க்காத தகப்பன்மார்கள் மணலியிலும் திருவொற்றியூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் பேச்சே நின்றுபோய், "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட சொல்லு" என்று பிள்ளைகளே தபால்காரராக இருக்கிற வீடுகள் உண்டு. குடிக்கு அடிமையானவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: குடிக்குச் சிகிச்சை எடுக்காமல் குடும்ப ஆலோசனை பலிக்காது. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறோம். அங்கே குடிக்கிறவரோடு குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மனைவியிடமோ, "அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல" என்று சொல்லுகிறோம். அதைக் கேட்டவுடன் அழுகிறவர்கள் அதிகம். அதுவரை யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் காணிக்கை இதில் என்ன செய்தது என்று நீங்கள் அறிய வேண்டும். முன்பு நாங்கள் மருந்துக் கவுண்டர் அருகே, ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினோம். டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தத்தில், தாழ்ந்த குரலில் ஒருவர் தம் துக்கத்தைச் சொல்ல முடியுமா? நீங்கள் கொடுத்ததைக் கொண்டு பழைய சாமான் அறையை ஒழித்து, சுவர் எழுப்பி, ஒரு கதவு வைத்தோம். மேஜை இல்லை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை, ஜன்னல். கதவு சாத்துகிறது. இந்த அறையில் அது ஒன்றுதான் முக்கியமான கருவி. பயிற்சி பெற்ற ஒரு சகோதரி வாரத்தில் மூன்று நாள் வருகிறார். ஆறு நாளும் அவர் வர வேண்டும் என்பது எங்கள் ஜெபம். சில காரியங்களை ஒரு பெண், என்னைப் போன்ற வயதான ஐயரிடம் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பணம் கொடுப்பதோடு, உங்கள் சபைகளிலும் மூன்று காரியங்களைச் செய்யும்படி கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு குடும்பத்தில் கஷ்டம் என்று தெரிந்தால், இருவரையும் உடனே சேர்த்து உட்கார வைத்துப் பஞ்சாயத்துச் செய்யாதீர்கள். தனித்தனியே கேளுங்கள், பெண்ணிடம் ஒரு பெண் கேட்கட்டும். இரண்டாவது, "பொறுத்துப் போ" என்று சொல்லுவதற்கு முன், அவர் எதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, கேட்டதை ஜெபக் குறிப்பாக்கி ஊருக்குச் சொல்லாதீர்கள். "அந்தக் குடும்பத்துக்காக ரொம்ப பாரமா ஜெபிங்க" என்று தொடங்கி, புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிவதற்குள் எல்லா விவரமும் வெளியே வந்துவிடுகிறதை நாம் அறிவோம். தேவனுக்கு அவர்கள் பெயர் தெரியும். நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஆண்டு அறிக்கையில் சேர்த்து வைத்த குடும்பங்களின் எண்ணிக்கை இராது. அந்த எண் கேட்க இனிமையாக இருக்கும். ஆமென் சொல்ல எளிதாக இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்காக ஊழியம் செய்யத் தொடங்கினால், நான் மறுபடியும் ஒரு கையைப் பிடித்துத் தவறான இடத்தில் கொடுத்துவிடுவேன். சிலர் சேர்ந்தார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். சிலர் பாதுகாப்பாகப் பிரிந்து வாழ்கிறார்கள். அதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்ல நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிலர் ஒரே ஒரு முறை வந்து, அழுது, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்ப வர விரும்பினால் கதவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த அந்தச் சகோதரியை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே இருந்தாலும் பயமின்றி உறங்க வேண்டும். என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்து நடத்துவாராக. ஆமென்.